பக்கவாட்டில் படுத்திருக்கும் பில்டரும் ஒரு பிஸ்கட் டின் தகரமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜத்தில் உள்ள எங்கள் வீட்டுப் போர்ச்சின் சிமெண்டுத் தரையில், பிக்கப்பின் முன்சக்கரங்கள் நிற்கும் இடத்துக்கு நடுவே, ஒரு கறுப்புக் கறை இருக்கிறது. முதலில் அது உள்ளங்கை அளவுதான் இருந்தது. எஞ்சின் எண்ணெயை மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, ஒரு சுளகு அளவுக்கு வந்துவிட்டது. என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் ஒரு தீபாவளியின்போது, வழக்கமாகக் கோலம் போடும் இடத்தை விட்டுவிட்டு வாசற்படிக்கு அருகே இரண்டடி தள்ளிப் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான், எண்ணெய் சிந்தாமல் பில்டரை, அதாவது எஞ்சின் எண்ணெயை வடிகட்டும் உருளையை, மாற்றுவதற்கு ஒரு வழி கண்டே தீர வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். கடந்த ஓராண்டாக அந்தக் கறை வளரவில்லை. எப்படி என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

என் வண்டி 2.5 லிட்டர் டீசல் பிக்கப். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டு போகிறேன். இலையில் சோறு பரிமாறப்படும் என்பதால், வண்டியைப் பழுது பார்த்த கையின் வாசம் இலையில் ஏறிவிடக் கூடாது. எனக்கு இந்த வேலையில் சுத்தம் இவ்வளவு பெரிதாகத் தோன்றுவதற்கு அதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போதெல்லாம் நான் எண்ணெய் மாற்றும் வேலையை வெளியில் ஒரு பட்டறையில்தான் கொடுத்து வந்தேன். ஒரு முறை மாலையில் வண்டியை எடுத்து வந்து, மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்குப் பினாங்குப் பாலத்தில் ஏறினேன். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் பாதிக்கு மேல் கடலின்மீதுதான் போகிறது. பாலத்தின் நடுவில் உள்ள ஏற்றத்தை எட்டும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். குனிந்து பார்த்தால் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதிய பில்டரைத் திருகி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், மெதுவாக ஓடும்போது தாக்குப் பிடிக்கும். வேகம் கூடி எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அவற்றில் ஒன்று நழுவி வெளியே பிதுங்கும், அதன் பிறகு சில நொடிகளில் எஞ்சின் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். விளக்கைக் கண்டவுடன் அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது. அன்று இலைகள் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

பில்டரைக் கழற்றும்போது ஏன் இவ்வளவு எண்ணெய் கொட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நீண்ட நாள் ஆனது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியின் போல்ட்டைத் திறந்து எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டோமே, பிறகு பில்டரில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பில்டரின் வாய்ப்பகுதியில், சுற்றிலும் உள்ள சிறு துளைகளுக்கு உட்புறமாக ஒரு மெல்லிய ரப்பர் தடுக்கு இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அது துளைகளை மூடிக்கொண்டு, பில்டருக்குள் இருக்கும் எண்ணெய் திரும்பி ஓடிவிடாமல் தடுக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் சுழலும் தண்டுகளைத் தாங்கும் தாங்கிகளுக்கும் (பேரிங்), எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் எண்ணெய் தாமதமின்றிச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பில்டர் செங்குத்தாக, வாய் மேலே பார்க்கும்படி மாட்டப்பட்டிருந்தால் எண்ணெய் அதற்குள்ளேயே நின்றுவிடும். என் வண்டியில் அது பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அதற்கு நேர் கீழே சேசிஸின் குறுக்குச் சட்டமும் ஸ்டியரிங் தண்டும் இருக்கின்றன. ஆகவே திருகைத் தளர்த்தி ரப்பர் வளையம் விலகியவுடன், ஏறத்தாழ அரை லிட்டர் எண்ணெய் வளையத்தின் கீழ் விளிம்பில் ஒழுகி, எஞ்சின் சுவரில் இறங்கி, குறுக்குச் சட்டத்தில் விழுந்து, அதன் ஓட்டைகளுக்குள் புகுந்துகொள்கிறது. தரையில் எவ்வளவு பெரிய தட்டை வைத்தாலும் அந்தச் சட்டத்துக்குள் போனதை அது பிடிக்காது. அதுதான் மூன்று நாள், நான்கு நாள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருந்து என் தரையைக் கறுப்பாக்கியது.

ஆகவே தட்டைப் பெரிதாக்குவதில் பயனில்லை. பில்டரின் வாய்க்கும் தட்டுக்கும் இடையே ஒரு வாய்க்கால் வேண்டும்.

முதலில் சமையலறை அலுமினியத் தாளை நான்காக மடித்து வைத்துப் பார்த்தேன். ஒரு முறை ஒழுங்காக வேலை செய்தது, அடுத்த முறை ஸ்டியரிங் தண்டில் உரசிக் கிழிந்தது. பிறகு ஐந்து கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். சூடான எண்ணெய் பட்டதும் அது நெகிழ்ந்து, நான் வைத்த இடத்தில் நிற்காமல் நழுவியது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வசிக்கும் பெரியவர் ஒருவர், இளமையில் லோரிப் பட்டறையில் வேலை செய்தவர், நான் படும் பாட்டை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, பழைய பிஸ்கட் டின் இருக்கிறதா? அதை வெட்டு" என்றார். "கையைக் கிழித்துவிடாதா மாமா?" என்று கேட்டேன். "ஓரத்தை மடக்கினால் ஏன் கிழிக்கப் போகிறது" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு யோசனையில்தான் மற்ற எல்லாமே சரியாகின.

முதலில் கெட்டி அட்டையில் வடிவத்தை வெட்டி, வண்டிக்கு அடியில் படுத்து, அதை இடுக்கில் நுழைத்துப் பார்த்தேன். மூன்று அட்டைகள் வீணான பிறகுதான் சரியான அளவு கிடைத்தது. அதன்படி ஒரு சதுரப் பிஸ்கட் டின்னின் பக்கச் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகரத்தை வெட்டினேன். இரு நீள ஓரங்களையும் குறடால் மடக்கித் தட்டினேன். அதனால் கூர்மை போனது, தகரத்துக்கு விறைப்பும் வந்தது. பின்பு ஒரு குழாயின்மேல் வைத்து வளைத்து, கூரைத் தண்ணீர் வடியும் பீலி போல ஆக்கினேன். எஞ்சினை ஒட்டி இருக்க வேண்டிய முனையைப் பிறை வடிவில் வெட்டி, அந்த விளிம்பில் பழைய சைக்கிள் டியூபின் துண்டு ஒன்றைப் பிளந்து செருகினேன். இந்த ரப்பர் விளிம்பு மிக முக்கியமானது. எஞ்சினின் வார்ப்பு இரும்பு சொரசொரப்பாக இருப்பதால், வெறும் தகரத்தை எவ்வளவு அழுத்தி வைத்தாலும் இடைவெளி விழும். எண்ணெய் அந்த இடைவெளியில்தான் முதலில் போகும். ரப்பர் அதை மூடிவிடுகிறது. மறுமுனை குறுக்குச் சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு, தட்டின் நடுவில் முடிகிறது. தகரம் நழுவாமல் இருக்க, துணி மாட்டும் கம்பியை வளைத்து இரண்டு கொக்கிகள் செய்து மேலே ஒரு குழாய்த் தாங்கியில் மாட்டுகிறேன்.

வண்டிச் சாவியை வேலை முடிந்து தகரத்தை வெளியே எடுக்கும் வரை அந்தக் கொக்கியிலேயே தொங்க விடுகிறேன். தகரத்தை மறந்து எஞ்சினைக் கிளப்பினாலோ, ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததால் வந்த பழக்கம் இது.

வாய்க்கால் இருந்தால் மட்டும் போதாது. எண்ணெய் அதில் மெதுவாக இறங்க வேண்டும். இங்கே பொறுமைதான் பாதி வேலை. குளிர்நாட்டுக் கையேடுகள் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு உடனே வடிக்கச் சொல்லும். நம் ஊர் வெயிலில் எண்ணெய் ஒருபோதும் அவ்வளவு கெட்டியாவதில்லை. நான் காலை வேலை முடித்து ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பினால், குளித்துச் சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்குத்தான் வண்டிக்கு அடியில் போகிறேன். அதற்குள் புகைக்குழாய் தொடும் அளவுக்கு ஆறியிருக்கும். எண்ணெயோ இன்னும் வெதுவெதுப்பாக, கரி அடியில் படியாமல் கலந்தபடியே இருக்கும். முன்சக்கரங்களை இரும்புச் சரிவுப் பலகையில் ஏற்றி, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வைக்கிறேன். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்க வேண்டாம்.

பில்டரின் அடிப்பக்கத்தில் உள்ள பட்டைகளுக்கு அளவாகப் பொருந்தும் தொப்பி போன்ற ஸ்பேனர்தான் எனக்கு ஏற்றது. பெல்ட் போலச் சுற்றிப் பிடிப்பது இந்த இடுக்கில் முழுதாகத் திரும்பாது. சங்கிலி வகை தகட்டை நசுக்கிவிடும். தொப்பி வாங்கும்போது விட்டத்தை மட்டும் அல்லாமல் பட்டைகளின் எண்ணிக்கையையும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்து பட்டை மாறினால் தொப்பி வழுக்கும். ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்தியதும் அதை எடுத்துவிடுகிறேன். அதன்பின் கையால் மிக மெதுவாகத் திருப்பி, ரப்பர் வளையத்தின் கீழ் ஓரத்தில் முதல் துளி தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிடம் எதையும் தொடக் கூடாது. எண்ணெய் தகரத்தின்மீது நூல் போல இறங்கி ஓடுவதைப் பார்க்கலாம். முன்பு நான் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு, ஒரேயடியாகச் சுழற்றிக் கழற்றி, முழங்கை வரை நனைந்தேன்.

ஒழுக்கு சொட்டாகக் குறைந்ததும், அரிசி வரும் தடித்த பிளாஸ்டிக் பையை பில்டரின்மேல் உறை போலப் போட்டு, பைக்கு வெளியிலிருந்தே பிடித்துக் கடைசிச் சுற்றுகளைத் திருகுகிறேன். மிச்ச எண்ணெயோடு பில்டர் பைக்குள் விழுகிறது. சந்தையில் தரும் மெல்லிய சிவப்புப் பை இதற்கு உதவாது.

பில்டரின் தகட்டில் ஆணியால் துளையிட்டு முதலில் எண்ணெயை வடித்துவிடும் முறையும் பலரிடம் உண்டு. கீழ்ப்புறம் ஒரு துளையும் காற்று நுழைய மேற்புறம் ஒரு துளையும் போட்டால் அது நன்றாகவே வடியும். ஆனால் துளையிட்ட பிறகு அந்த பில்டரோடு வண்டியைக் கிளப்ப முடியாது. அது இறுகிப்போய்க் கழல மறுத்தால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டி அங்கேயே நின்றுவிடும். செய்ய விரும்புகிறவர்கள், முதலில் ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்தி அது அசைகிறது என்று உறுதி செய்துகொண்டு, மீண்டும் கையால் இறுக்கிவிட்டுத் துளையிடட்டும். தகரம் வந்த பிறகு எனக்கு அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

இனிக் கையுறை. நம் நாட்டில் எஞ்சின் எண்ணெயை 'மின்யாக் ஹித்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புதிதாக வாங்கும்போது அது தேன் நிறத்தில் இருந்தாலும் பெயர் அதுதான். டீசல் எஞ்சினில் அந்தப் பெயர் சில நிமிட ஓட்டத்திலேயே உண்மையாகிவிடும். காரணம் கரி. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை; சாதாரண பில்டர் பிடிப்பதோ இருபது, முப்பது மைக்ரான் அளவுள்ளவற்றை. ஆகவே கரி பில்டரில் தங்காமல், எண்ணெயில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களால் கட்டியாகாமல் மிதந்தபடியே சுற்றுகிறது. எண்ணெய் கறுத்துவிட்டது என்பதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை; பில்டரை மட்டும் மாற்றி எண்ணெயை விட்டுவைப்பதில் பொருளில்லை என்பதற்கும் இதுவே காரணம். அந்தக் கறுப்பு எண்ணெயில் எரிதலால் உண்டாகும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. பயன்படுத்திய எண்ணெய் நெடுங்காலம் தொடர்ந்து தோலில் படிந்தால் புற்றுநோய் உண்டாகலாம் என்பதை விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. கரி நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கையால்தான் நாம் சோறு பிசைந்து உண்கிறோம், என் விஷயத்தில் பிறர் உண்ணும் இலையையும் அடுக்குகிறேன். ஆகவே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை இல்லாமல் நான் இப்போது அடியில் போவதே இல்லை. மெல்லிய ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பிவிடும், நைட்ரைல் தாங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு, பழைய பில்டர் பைக்குள் போனதும் மேல் ஜோடியைக் கழற்றிவிட்டால், புதிய பில்டரைச் சுத்தமான கையால் எடுக்கலாம்.

புதியதை மாட்டுமுன், பில்டரின் வளையம் வந்து உட்காரும் எஞ்சினின் பொருந்துமுகத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறேன். பாலத்தில் பட்ட பாடு மறக்கவில்லை. கழற்றிய பில்டரில் அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதைப் பையைத் திறந்து கண்ணாலும் பார்த்துவிடுகிறேன். புதிய வளையத்தில் புது எண்ணெய் தடவி, வளையம் பொருந்துமுகத்தைத் தொட்டதும் அதிலிருந்து முக்கால் சுற்று, கையால் மட்டும். ஸ்பேனரால் இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது அதற்கான விலையை நாமே கொடுப்போம். பெரும்பாலான பில்டர்களின் உறையிலேயே எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள்; அதைப் படித்து அதன்படியே செய்வது நல்லது.

மாட்டுமுன் பில்டரில் எண்ணெய் ஊற்றுவதா வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. படுத்திருக்கும் பில்டரை முழுதாக நிரப்பினால், மாட்டும்போதே கொட்டிவிடும். நான் ஏறத்தாழ ஒரு குவளை ஊற்றி, உள்ளே இருக்கும் காகிதம் உறிஞ்சிக்கொள்ள ஐந்து நிமிடம் விடுகிறேன். ஊற்றுவது சுற்றிலும் உள்ள சிறு துளைகளில்தான் இருக்க வேண்டும். நடுவிலுள்ள பெரிய துளை வடிகட்டப்பட்ட எண்ணெய் வெளியேறும் வழி, அதில் ஊற்றினால் அது வடிகட்டப்படாமலே தாங்கிகளுக்குப் போகும். எண்ணெய் நிரப்பிக் கிளப்பிய பின், சிவப்பு விளக்கு அணையும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீதுதான் சுழல்கிறது. அந்தச் சில நொடிகளில் வேகம் கூட்டினால் முதலில் அடிபடுவது அதுதான்.

சில புதிய பிக்கப்புகளில் உலோக உருளைக்குப் பதிலாக, எஞ்சினின் மேற்புறத்தில் மூடியுடன் கூடிய கூட்டுக்குள் காகிதச் சுருள் மட்டும் இருக்கும். அவர்களுக்கு இந்தத் தகரம் வேண்டாம். மூடியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்திவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் கூட்டிலுள்ள எண்ணெய் தானாகக் கீழே இறங்கிவிடும்; மூடியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பில்டரையே வேறு இடத்துக்கு மாற்றி, இரு குழாய்களின் மூலம் எஞ்சினோடு இணைக்கும் சாதனங்களும் விற்கிறார்கள். கைக்கு எட்டும் இடத்தில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்க்கு இரண்டு குழாய்களையும் நான்கு இணைப்புகளையும் கூடுதலாகச் சேர்க்கிறோம். அவற்றில் ஒன்று வெடித்தால் பாலத்தில் எனக்கு நடந்ததுதான் நடக்கும். ஆண்டுக்குச் சில முறை செய்யும் வேலையின் வசதிக்காக அந்த அபாயத்தை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

வடித்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. எங்கள் தாமானின் சாக்கடை நீர் கடைசியில் ஜூரு ஆற்றில்தான் கலக்கிறது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோலா ஜூரு மீனவர்கள், 1970களில் தொழிற்சாலைக் கழிவுகளால் மீனும் சிப்பியும் அழிந்து துன்பப்பட்டதையும், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றதையும் இப்பகுதியில் மூத்தவர்கள் அறிவார்கள். பிற்பகல் மழை ஒன்று போதும், என் போர்ச்சில் சிந்தியதை அங்கே கொண்டு சேர்க்க. ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிடும் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டிலும், எண்ணெய் படிந்த துணியும் பில்டரும் எஸ்.டபிள்யூ. 410 என்ற குறியீட்டிலும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. புது எண்ணெய் வந்த போத்தல்களிலேயே பழையதை ஊற்றி மூடுகிறேன். அதில் டீசலோ பெயிண்டோ ரேடியேட்டர் நீரோ கலக்க விடுவதில்லை, கலந்தால் அது மறுசுத்திகரிப்புக்கு உதவாமல் போகும். பில்டரை ஓர் இரவு முழுதும் கவிழ்த்து வைத்தால் இன்னும் ஒரு குவளை எண்ணெய் வடிகிறது. இவற்றையெல்லாம் நான் பில்டர் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். உரிமம் பெற்றவர்கள் வந்து அவர்களுடைய எண்ணெயோடு சேர்த்து எடுத்துச் செல்கிறார்கள். தப்பித் தவறித் தரையில் விழும் சொட்டுக்கு, பலகைக் கடையில் வாங்கி வைத்திருக்கும் மரத்தூளைத் தூவி, காலால் தேய்த்து, மழை வருமுன் கூட்டி அள்ளுகிறேன்.

கடந்த மாதம் மாற்றிய பிறகு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து மறுநாள் பார்த்தேன். இரண்டு சொட்டுகள் இருந்தன. அவை பில்டரிலிருந்து வரவில்லை. அடித்தொட்டி போல்ட்டைக் கழற்றும்போது கையோரமாக வழிந்தவை. போல்ட்டுக்குப் பதிலாகச் சிறு கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வால்வைப் பொருத்தினால் அதுவும் நின்றுவிடும். ஆனால் அது கீழே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும், இலைத் தோட்டத்து மண்பாதையில் கல் அடிக்காதா என்று அளந்து பார்க்க வேண்டும். பில்டரின் உடலில் மார்க்கர் பேனாவால் தேதியையும், வண்டி ஓடிய கிலோமீட்டரை 177,000 என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்தது 184,000இல். அப்போது போல்ட்டைக் கழற்றும்போதே திருகின் அளவையும், அடியில் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்வேன்.